ஓவர்கிளாக்கிங்: வேகம் ஓரிடம், சுமை வேறிடம்

1998-இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ, சிக்கனக்காரர்களுக்கான ப்ராசஸர். வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டின் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100-க்கு மாற்றினால் போதும், பெரும்பாலான சில்லுகள் 450-இல் ஓடின. அன்றைய பென்டியம் 2 வரிசையின் உச்ச வேகமே அதுதான். காசில்லாமல் கிடைத்த இந்த ஐம்பது சதவீதம் சில்லைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங்கைப் பலருக்கும் பழக்கிவிட்டது. புகழெல்லாம் ப்ராசஸருக்குப் போனது. பாதிப் புகழ் மதர்போர்டுக்குச் சேர வேண்டியது.

கணக்கைப் பார்ப்போம். பஸ் வேகத்தைப் பெருக்கி என்னும் எண்ணால் பெருக்கினால் வருவதே ப்ராசஸரின் வேகம். செலரானின் பெருக்கி 4.5 என்று பூட்டப்பட்டிருந்ததால் பஸ்ஸைத்தான் கூட்ட முடியும். அதே பஸ் துடிப்பை வகுத்துத்தான் பிசிஐ தடத்துக்கும் கொடுத்தார்கள். பிசிஐக்கு உரிய அளவு 33 மெகாஹெர்ட்ஸ். 100-ஐ மூன்றால் வகுத்தால் சரியாக 33, எவருக்கும் தொல்லையில்லை. 'எதற்கு வம்பு' என்று 83-இல் நிறுத்தியவர் கதைதான் வேறு. பல போர்டுகளில் அங்கே வகுக்கும் எண் இரண்டு. பிசிஐ 41-ஐத் தாண்டிவிடும். ஹார்ட் டிஸ்க்கும் சவுண்ட் கார்டும் அந்தத் தடத்தை நம்பியிருந்தவை. ப்ராசஸர் 375-இல் சுகமாக ஓடிக்கொண்டிருக்க, டிஸ்க்கில் கோப்புகள் சத்தமில்லாமல் சிதையக்கூடும். அடக்கி வாசித்தவருக்கே ஆபத்து அதிகம்!

2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் பஸ் துடிப்புக்கு நிகரான அடிப்படைக் கடிகாரத்தைச் சில சதவீதத்துக்கு மேல் அசைக்க முடியவில்லை. மாறாக, 'கே' வகைச் சில்லுகளில் பெருக்கியைத் திறந்துவிட்டார்கள். துடிப்பால் மற்ற பாகங்களுக்கு வந்த தொல்லை தீர்ந்தது. மின்சாரத்தால் வரும் தொல்லை தீரவில்லை.

சில்லு இயங்கச் செலவாகும் மின்திறன், வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். வேகத்தில் 20, மின்னழுத்தத்தில் 10 சதவீதம் கூட்டினால், செலவு ஏறத்தாழ 45 சதவீதம் கூடும். இந்தக் கூடுதல் முழுவதும் பவர் சப்ளையிலிருந்து கிளம்பி, சாக்கெட்டை ஒட்டியிருக்கும் மின்னழுத்தச் சீராக்கிகள் வழியாகத்தான் வர வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ப்ராசஸரோடு வரும் சாதாரண விசிறி காற்றைக் கீழ்நோக்கி ஊதுவதால் சீராக்கிகளுக்கும் கொஞ்சம் காற்று கிடைக்கும். அதைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்க் குளிரூட்டி மாட்டினால் ப்ராசஸர் குளிரும். பக்கத்தில் சீராக்கிகள் கொதிக்கும். கொதிப்பு எல்லை மீறினால் மதர்போர்டே வேகத்தைக் குறைத்துவிடும். செலவு செய்து வாங்கிய வேகம் அங்கேயே கரைந்துபோகும்.

இந்தப் பழக்கத்தால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ப்ராசஸருக்காக மற்ற பாகங்கள் காத்துக்கிடக்கும் வேலைகளில் ஆதாயம் கண்கூடு. ஒரு கணினியின் பாகங்கள் எப்படி ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன என்பதை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் பயிற்சியும் அரிது. ஆனால் கிராபிக்ஸ் கார்டு திணறும் விளையாட்டில் ப்ராசஸரை முடுக்கிப் பலனில்லை. இன்றைய சில்லுகளோ தாமாகவே எல்லைக்கு அருகில் ஓடுகின்றன. நாம் கறக்க மிஞ்சுவது சொற்பம்.

முடுக்கித்தான் ஆவேன் என்பவர் ப்ராசஸரின் வெப்பநிலையை மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். சீராக்கிகளின் சூட்டையும் பவர் சப்ளையின் திறனையும் பாருங்கள், ரேமைத் தனியே சோதியுங்கள். அதற்கும் முன்னால், கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துவிடுங்கள்.