காணாமல் போன ஒரு லட்சம் பேர்

பிரிட்டனில் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களில் வருஷத்துக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் ஊர் திரும்புவதே இல்லை என்று 2010-களில் அங்கே பெரிய புகார். இந்த லட்சம் எங்கிருந்து வந்தது தெரியுமா?

1961-ல், முக்கியமாக டூரிஸ்டுகளின் போக்குவரத்தையும் செலவையும் கணக்கெடுக்க ஆரம்பித்த ஒரு சர்வே. விமானநிலையத்தில் அட்டையும் பேனாவுமாக நின்று, போகிற வருகிற சிலரை நிறுத்தி, 'எதுக்கு வந்தீங்க, எத்தனை நாள் இருப்பீங்க?' என்று விசாரிப்பார்கள். லட்சக்கணக்கானவர்களைக் கேட்டாலும், அதில் குடியேற வந்தவர்கள் சில ஆயிரம்தான் சிக்குவார்கள். வரும்போது 'படிக்க' என்று சொன்ன பையன், படிப்பு முடிந்து ரெண்டு வருஷம் வேலையும் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது தன்னை மாணவன் என்றா சொல்லுவான்? வந்த கணக்கில் இருக்கிறான், போன கணக்கில் இல்லை. கழித்துப் பார்த்தால் லட்சம்!

படித்தபின் இரண்டு வருஷம் தங்கி வேலை தேடும் அனுமதியை 2012 ஏப்ரலில் ரத்து செய்தார்கள். உள்துறை அமைச்சர் தெரசா மே. புதிதாகச் சேரும் இந்திய மாணவர்கள் ரெண்டே வருஷத்தில் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தார்கள்.

பிறகு 2015-ல், வெளியேறுபவர்களின் பாஸ்போர்ட்டை நிஜமாகவே சரிபார்க்க ஆரம்பித்தார்கள். (முதலிலேயே செய்திருக்கலாம்.) 2017 ஆகஸ்டில் முடிவு வந்தது. 97 சதவிகிதத்துக்கும் மேல் மாணவர்கள் ஒழுங்காகக் கிளம்பிப் போயிருந்தார்கள். லட்சம் ஆவியாகிவிட்டது. மன்னிப்பா? அட போங்க சார். அந்த இரண்டு வருஷம் திரும்பி வர 2021 ஜூலை வரை ஆயிற்று.

சரி, பாடம் கற்றார்களா? 2024 மே மாதம் அரசாங்கமே நியமித்த நிபுணர் குழு, 'பரவலான துஷ்பிரயோகம் எதுவும் இல்லை, அப்படியே விடுங்கள்' என்றது. 2025 மே மாதம் அடுத்த அரசு, இரண்டு வருஷத்தைப் பதினெட்டு மாதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பி.எச்டி.காரர்கள் மட்டும் தப்பித்தார்கள். புது விதி 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு.

வீட்டை அடமானம் வைத்து, 2025 செப்டம்பரில் ஒரு வருஷ எம்.எஸ்ஸி.க்குப் பிள்ளையை அனுப்பியவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2026 டிசம்பருக்குள் ரிசல்ட் வந்து விண்ணப்பித்தவனுக்கு இரண்டு வருஷம். அதே வகுப்பு, அதே ஃபீஸ், பக்கத்து சீட்காரன். அவன் தீசிஸைத் திருத்தாமல் புரொபசர் கிறிஸ்துமஸ் லீவில் போய்விட்டால் ஆறு மாதம் அவுட்.