காணாக்கடிக்கு ரத்தத்தில் என்ன தேடுகிறோம்?

தோலில் அரிப்போடு திடீரென்று தடிப்புகள் கிளம்பும் காணாக்கடி ஆறு வாரத்தைத் தாண்டினால் மருத்துவர்கள் அதை நாள்பட்டது என்பார்கள். வெற்றிலையில் மிளகை மடித்து மென்று, மந்திரித்துக் கயிறும் கட்டிப் பார்த்துவிட்டு, திருவண்ணாமலையில் ஒருவர் லேப் வாசலுக்கு வருவது பெரும்பாலும் அதன் பிறகுதான். கையில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்று எழுதிய சீட்டு இருக்கும். இரண்டும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுபவை. வருகிறவரோ, தடிப்பு எதனால் வருகிறது என்று ரத்தம் சொல்லிவிடும் என்று நம்பி வருகிறார். அதை இவை சொல்லாது. இந்த நம்பிக்கையை யாரும் திருத்தாமல் விடுவதே இப்பரிசோதனை வழக்கத்தின் பெரிய குறை என்பேன்.

அதற்காகப் பரிசோதனையே வீண் என்று கொள்ள வேண்டாம். 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், நாள்பட்ட தடிப்புள்ள எல்லோருக்கும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும், சி.ஆர்.பி. அல்லது ஈ.எஸ்.ஆரையும் பார்க்கச் சொல்கிறது. சிறப்பு மருத்துவரிடம் போனால் ஒவ்வாமையோடு தொடர்புடைய எதிர்ப்பொருளான ஐ.ஜி.இ.யின் மொத்த அளவும், தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் ஒன்றும் சேரும். அடிப்படைப் பட்டியல் அவ்வளவுதான். 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 1,253 நோயாளிகளைப் பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு சி.ஆர்.பி. கூடியிருந்தது. அவர்களுக்கு நோயும் கடுமை, அரிப்பு மாத்திரையும் சரியாகக் கேட்கவில்லை. நோயின் வேகத்தைக் கணிக்க இது உதவும். ஆனால் மீதி இரண்டு பங்குப் பேருக்கு அளவு இயல்பாகவே இருந்தது. இரவெல்லாம் சொறிந்து தூக்கமில்லாமல் வருகிறவரிடம், ‘ரிப்போர்ட் நார்மல், உனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்புவது அநியாயம்.

ஈ.எஸ்.ஆரில் நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி நேராக நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று பார்ப்பார்கள். அழற்சியில் கூடும் புரதங்கள் அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதால் அவை வேகமாக இறங்கும். ரத்தசோகையிலும் அப்படித்தான் இறங்கும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. செங்கத்திலிருந்து வரும் ஒரு பெண்ணின் அறிக்கையில் ஈ.எஸ்.ஆர். 45 என்று தடித்த எழுத்தில் இருந்தால், பக்கத்து வரியிலுள்ள ஹீமோகுளோபினைப் படிக்காமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. சி.ஆர்.பி. இதில் மேல், சில மணி நேரத்தில் ஏறும், சில நாளில் இறங்கும். ஆனால் காய்ச்சலோ சொத்தைப் பல்லோ இருந்தாலும் ஏறும். உடற்பருமனிலும் கூடியிருக்கும்.

ஐ.ஜி.இ. கூடியதும் ‘அலர்ஜி’ என்று முடிவுகட்டி, கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் மாதக்கணக்கில் நிறுத்துவது எனக்குப் பொறுக்காத வழக்கம். வயிற்றுப் புழு இருந்தாலும் ஐ.ஜி.இ. கூடும். நாள்பட்ட காணாக்கடிக்கு உணவு ஒவ்வாமை காரணமாவது அரிது. ஆயிரக்கணக்கில் வாங்கும் அலர்ஜி பேக்கேஜ்கள் பெரும்பாலோருக்குத் தண்டச் செலவு.

ரத்தத்தைவிடக் கேள்வியே காரணத்தைக் காட்டும் இடமும் உண்டு. திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வெறுங்காலோடு சுற்றி வந்து, சில மணி நேரம் கழித்து உள்ளங்கால் வீங்கி வலித்தால், அழுத்தத்தால் தாமதமாக வரும் தடிப்பு வகையாக இருக்கலாம். அந்த வகையே ஈ.எஸ்.ஆரை ஏற்றவும் கூடும். எப்போது நடந்தீர்கள், எப்போது வீங்கியது என்று ஒருவர் கேட்டால்தான் இது பிடிபடும்.

அழற்சி அளவுகள் முழுப் பயன் தரும் இடம் ஒன்று உண்டு. சாதாரணத் தடிப்பு ஒரே இடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்காது. தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, மறுநாள் அதே நேரம் பாருங்கள். தடிப்பு அங்கேயே இருந்து, அரிப்பைவிட எரிச்சல் மிகுந்து, ஆறியபின் கன்றிய கறையும் விட்டால், ரத்தக்குழாய் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது ஏறிய ஈ.எஸ்.ஆர். அந்தச் சந்தேகத்துக்கு வலுவூட்டும். அடுத்தது தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது.

மற்றவர்கள் தினமும் தடிப்புக்கு 0 முதல் 3, அரிப்புக்கு 0 முதல் 3 என்று ஏழு நாள் குறித்து, அதிகபட்சம் 42 வரும் அந்தக் கூட்டுத்தொகையை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு எடுத்துப்போகலாம். அரிப்பு மாத்திரையை நான்கு மடங்கு வரை கூட்டுவதா, ஒமலிசுமாப் ஊசிக்குப் போவதா என்று மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாளை, சி.ஆர்.பி. அதற்குத் துணை.