இழுப்பவர் இல்லாத இழுப்பு: சக்கரங்களின் எடை குறித்து

தொழில்நுட்ப வரலாறு எழுதுகிறவர்களிடம் ஒரு மூடநம்பிக்கை உண்டு: எடை குறைந்தால் அது முன்னேற்றம். பழைய அமெரிக்க டிராக் பந்தயக் கார்களின் சக்கரங்களைப் பற்றிய எழுத்துகளில் இதைச் சுத்தமான வடிவில் பார்க்கலாம். கதை ஒரே தடத்தில் ஓடும். இரண்டாம் உலகப்போர் முடிகிறது. கைவிடப்பட்ட விமான ஓடுதளங்களில் கலிபோர்னியா இளைஞர்கள் கால் மைல் தூரத்துக்குக் கார் விரட்டுகிறார்கள். (நம்ம சோழவரமும் போர்க்கால ஓடுதளம்தான்.) 1951இல் சங்கம் வைத்து விதிமுறை எழுதுகிறார்கள். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த டெட் ஹாலிபிராண்ட் மெக்னீசியத்தில் சக்கரம் வார்க்கிறார். 1956இல் ரோமியோ பாலமிடஸ் கூட்டாளிகளோடு சான்பிரான்சிஸ்கோவில் 'அமெரிக்கன் ரேசிங்' கம்பெனியைத் தொடங்குகிறார். 1963இல் அவர்களுடைய ஐந்து ஆரச் சக்கரம் 'டார்க் திரஸ்ட்' வருகிறது. மெக்னீசியம் தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம், அரிப்பும் அதிகம். ஆகவே அந்த இடத்துக்கு அலுமினியக் கலவை வருகிறது. சுபம்.

இதில் பொய் எதுவும் கிடையாது. கணக்கும் சரி. சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ முன்னாலும் ஓட வேண்டும், கூடவே சுழலவும் வேண்டும். வேகமெடுக்கும்போது கிட்டத்தட்ட இரண்டு கிலோவாகக் கனக்கும். இந்தக் கணக்கை ராஜபாளையத்து மில் தொழிலாளிக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஸ்பின்னிங் மில்லில் நூலை முறுக்கேற்றும் டிராவலர் மில்லிகிராம் கணக்கில் எடை. அது கொஞ்சம் கூடினால் நூல் அறும். அறுந்தால் ஓடிப்போய்ப் பிணைக்க வேண்டியது யார்? இந்த 'யார்' என்கிற கேள்விதான் சக்கர வரலாறுகளில் காணாமல்போகிறது. டிராக் என்றால் இழுப்பது என்று பொருள். ஆனால் அந்தப் பந்தயத்தில் இழுப்பவர் யாருமே இல்லை. எஞ்சின் இருக்கிறது, ஓட்டுநர் இருக்கிறார், சக்கரத்தை வார்த்த முதலாளியின் பெயர் இருக்கிறது. பட்டறையில் உருகிய உலோகத்தை ஊற்றியவர் பிரதிக்கு வெளியே நிற்கிறார்.

ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே இழுக்கப்படுகிற வண்டி ஒன்று உண்டு. ஆடிப்பூரத்துக்கு ஓடும் ஆண்டாள் தேர். மரச்சக்கரங்களில் ஓடிய காலத்தில், "ஒருக்க கிளம்புச்சுன்னா நிலைக்கு வர நாள்கணக்காகும்ல, அதுபாட்டுக்கு நடுத்தெருவுல கெடக்கும்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்கலாம். இப்போது இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக். அன்றைக்கே நிலை சேர்ந்துவிடுகிறது. இந்த மாற்றத்துக்கு முன்னோடி திருவாரூர். பல வருஷம் நின்றுகிடந்த ஆழித்தேர் 1970இல் திருச்சி பெல் நிறுவனத்தின் சக்கரங்களோடும் பிரேக்கோடும் ஓடியது. சுமார் 300 டன் என்று சொல்லப்படுகிற தேர் அது. இன்று வடத்தை முன்னால் ஆட்கள் இழுக்க, பின்னாலிருந்து புல்டோசர் உந்துகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிராக் கார் ஒரு எஞ்சினின் சக்திக்குள் அடங்குவதற்காக எடையை இழந்தது. தேரைப் பொறுத்தவரை எடைதான் அதன் அதிகாரம். எத்தனை ஆயிரம் கைகளை ஒரு கோயிலால் தெருவுக்குக் கொண்டுவர முடியும் என்பதன் அளவுகோல் அது. அந்தக் கைகள் எல்லாம் பக்தியால் வந்தவை என்று இன்றைய கலாச்சாரக் காவலர்கள் பேசுகிறார்கள். 1817ஆம் வருஷத்து 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி சென்னை மாகாணக் கோயில்கள் கம்பெனியின் வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்கு வந்தன. தேர் இழுக்கக் கிராமத்து ஆட்களைக் கட்டாயப்படுத்திக் கொண்டுவருவதில் அரசு அதிகாரிகளுக்கும் பங்கிருந்தது. 1830களில் மிஷனரிகள் இதை எதிர்த்து மனுப் போட்டார்கள். (அவர்களுக்கு அதில் சொந்தக் கணக்கு இருந்தது என்பது வேறு விஷயம்.) அப்போது உழைக்கும் சாதிகளின் கையை வடத்திலிருந்து யாரும் தட்டிவிடவில்லை. பிரம்பைக் காட்டித் தொட வைத்தார்கள்.

அதே வடம் பிற்பாடு மரியாதையாகிறது. கண்டதேவியில் 1998இல் தலித்துகள் வடம் பிடிக்கும் உரிமை கேட்டார்கள். அதிலிருந்து வழக்கு, போலீஸ் என்று தேர் நின்றும் ஓடியும், கடைசியில் பல வருஷம் நிலையிலேயே நின்று, 2024 ஜூனில் போலீஸ் பாதுகாப்போடு ஓடியது. இதற்கெல்லாம் சக்கரம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் இன்னொரு எந்திரவாதம். ஆனால் பாரம் கூலியில்லாத வேலையாக இருந்தவரை கீழே தள்ளப்பட்டது, பாரம் குறைந்து அடையாளமானதும் மேலே பூட்டிவைக்கப்பட்டது. 'இலகுவான சக்கரம்' என்று கொண்டாடும் எந்த வரலாறும் இதைக் கேட்டாக வேண்டும்: குறைந்த எடை யார் தோளிலிருந்து இறங்கியது, அதன் மதிப்பு யார் கைக்குப் போயிற்று?

முட்டுக்கட்டைக்காரர்களையும் விட்டுவிடக் கூடாது. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. உருளும் சக்கரத்துக்கடியில் கட்டையைச் சாய்த்துக் கொடுத்து, வீதி முனையில் தேரின் முகத்தைத் திருப்புவது அவர்கள் கைதான். இமை நேரம் பிசகினால் விரல் போகும், சில சமயம் உயிரே போகும். பெல் பிரேக் வந்த பிறகும் இந்த வேலை ஒழியவில்லை; பிரேக் நிறுத்தும், திருப்பாது. டார்க் திரஸ்டுக்கு அமெரிக்காவில் வரலாறு இருக்கிறது, சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள், பழைய வடிவிலேயே புதுசாக வார்த்தும் விற்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கழற்றிப்போட்ட மரச்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தவர்களின் பெயர்களைக் கேட்டு எழுத இன்னமும் ஆள் வரவில்லை. ரதவீதிகளில் போய் விசாரித்தால் சொல்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.