கந்தாசிரமத்து நிழல்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தின் பின்வாசலிலிருந்து அருணாசல மலையேறினால், முன்பெல்லாம் கந்தாசிரமம் வரும்வரை வெயில்தான். அங்கே சட்டென்று குளிர்ச்சி. கந்தசாமி என்ற அடியவர் பாறைச் சரிவைச் சமன்செய்து மரம் நட்டு உருவாக்கிய இடம் அது. அவர் பெயரே ஆசிரமத்துக்கும் நிலைத்தது. 1916 முதல் 1922 வரை ரமண மகரிஷி அங்கே இருந்தார்.

சுற்றியிருந்த மலையோ வெகுகாலம் மொட்டையாகக் கிடந்தது. விறகு வெட்டும் மேய்ச்சலும் போக, மிஞ்சியதைக் கோடைத் தீ தின்றது. சரிவெங்கும் வளரும் எலுமிச்சைப்புல் காய்ந்தால் ஒரு தீப்பொறி போதும்.

1980களின் பிற்பகுதியில் மலையில் மரம் வளர்க்கும் முயற்சி தொடங்கியது. பின்னாளில் ஃபாரஸ்ட் வே அறக்கட்டளை அதைக் கையிலெடுத்தது. நாற்றங்காலில் வளர்வது இந்த மண்ணின் மரங்கள். நாவலும் பாலையும் வளர்ந்து பழுத்தால் பறவைகள் வரும். விதைகளை அவையே கொண்டுபோகும். கன்றைத் தலையில் சுமந்து ஏறி, மழைக்காலத்தில் நடுகிறார்கள். அறக்கட்டளை நடத்தும் மருதம் பண்ணைப் பள்ளிப் பிள்ளைகளும் கைகொடுக்கிறார்கள்.

நடுவதைவிடப் பெரிய வேலை, கோடைக்கு முன் புல்லை அகலமாக வெட்டித் தீத்தடுப்புக் கோடு போடுவது. மேலே புகை தெரிந்தால், நள்ளிரவிலும் உள்ளூர் இளைஞர்கள் பச்சைத் தழையோடு ஓடுகிறார்கள். அந்த ஓட்டம்தான் இந்தக் காட்டின் உண்மையான வேலி. படம் எடுக்க யாரும் வராத வேலை அது. மெச்ச வேண்டியதும் அதைத்தான்.

கிரிவலம் வருபவர்கள் மலைச்சரிவில் கற்பூரமோ தீக்குச்சியோ கொளுத்தாதிருங்கள். மழை மாதத்தில் வந்தால், ஒரு கன்றைச் சுமந்து மேலே ஏறுங்கள்.