ஒரே டேட்டா, ஒரே விலை!

புது ஐபோன் அறிமுகமாகும் ராத்திரி கண் விழித்துக் காத்திருக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பைத்தியம் டிராய் உத்தரவுகள் மேல். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிடும் காகிதங்களை யாராவது ஆசையாகப் படிப்பார்களா என்று வீட்டில் கேட்கிறார்கள். படிக்கிறேன். புனே பக்கத்துப் பிம்ப்ரியில் லோக்கல் ரயில் ஏறி லோனாவ்லா போகும் வழியெல்லாம் படிக்கிறேன். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் போட்ட ஒரு விதிமுறை இருக்கிறதே, அந்த விறுவிறுப்பு எனக்கு எந்தத் துப்பறியும் கதையிலும் கிடைத்ததில்லை!

விதியின் சாரம் ஒரு வரிதான். நெட்டில் எதைப் பார்க்கிறோம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம், அதிகபட்சம் 50 லட்சம். இவ்வளவுதானா என்று தோன்றும். இந்த ஒரு வரிக்காக நடந்த ரகளையைக் கேளுங்கள்.

2014-15இல் பிம்ப்ரி கேம்ப் பக்கம் வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பிரிவினைக்குப் பிறகு சிந்தி அகதிகள் குடியேறி வளர்த்த கடைத்தெரு. துணிக்கடைக்கு நடுவே துணிக்கடை, மிச்ச சந்திலெல்லாம் மொபைல் கடை. ரீசார்ஜ் கடைக் கண்ணாடியில் மார்க்கரால் எழுதிய பட்டியல் ஒட்டியிருக்கும்: வாட்ஸ்அப் பேக் இவ்வளவு, ஃபேஸ்புக் பேக் இவ்வளவு, ஃபுல் நெட் இவ்வளவு. “கௌன்சாவாலா நெட்?” என்பார் கடைக்காரர், தலை நிமிராமல். எந்த நெட் வேண்டுமாம்! என்னோடு வந்த தென்காசிப் பையன், போசரியில் லேத் ஓட்டுகிறவன், “வாட்ஸ்அப் மட்டும் போதும்ணே, ஊருக்குப் போட்டோ அனுப்பிக்கலாம்” என்று அதையே போட்டுக்கொண்டான். அன்று சாயங்காலமே ஊரிலிருந்து யாரோ வேலை அறிவிப்பு ஒன்றின் லிங்க்கை அனுப்பினார்கள். தொட்டான். அது வாட்ஸ்அப்புக்கு வெளியே இருக்கும் பக்கம் அல்லவா, மெயின் பேலன்ஸிலிருந்து காசு போயிற்று. மலிவு பேக் என்பது ஒரு வேலி என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

மின்சார வாரியம் ஃபேனுக்கு ஒரு ரேட்டு, மிக்ஸிக்கு ஒரு ரேட்டு என்று பில் போட்டால் சும்மா இருப்போமா? நெட் விஷயத்தில் அதைத்தான் செய்யப் பார்த்தார்கள். 2014 டிசம்பரில் ஏர்டெல், இணையம் வழியாகப் பேசும் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் நிறுத்தி வைத்தது. டிராய் இதையெல்லாம் விசாரிக்கக் கிளம்பி, 2015 மார்ச் 27 அன்று ஓர் ஆலோசனை அறிக்கையை வெளியிட்டது. 118 பக்கம், 20 கேள்விகள், வக்கீலுக்கே கொட்டாவி வரும் இங்கிலீஷ்.

அந்த மார்ச் கடைசி வாரத்தை நான் தனியாகக் கொண்டாடுகிறேன். மூன்று நாள் முன்னால், மார்ச் 24 அன்றுதான் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைத் தூக்கி எறிந்திருந்தது. எங்கள் மகாராஷ்டிரத்தின் பால்கரில் 2012இல் ஃபேஸ்புக்கில் பதிவு போட்ட ஒரு பெண்ணையும், அதற்கு லைக் போட்ட அவள் தோழியையும் கைது செய்தார்களே, அந்தச் சமாசாரம். புதுச்சேரியில் ஒரு ட்வீட்டுக்காக ஒருவரை விடியற்காலையில் பிடித்துப் போனதும் அதே ஆண்டுதான். வழக்குப் போட்ட ஸ்ரேயா, தீர்ப்பு வந்தபோது சட்ட மாணவி! ஒரே வாரத்தில் பேச்சுரிமைக்கு ஒரு வெற்றி, நெட் உரிமைக்கு ஒரு யுத்தம். ரசிகனுக்கு வேறென்ன வேண்டும்?

சரி, 118 பக்கம். நிகில் பாஹ்வா, அபர் குப்தா, கிரண் ஜொன்னலகட்டா என்று இன்னும் பல தன்னார்வலர்கள் சேர்ந்து அதைப் பிரித்து மேய்ந்தார்கள். 20 கேள்விக்கும் யாருக்கும் புரிகிற பதில் தயார் செய்தார்கள். நாம் திருத்தலாம், நம் அனுபவத்தைச் சேர்க்கலாம், அனுப்பலாம். ஏஐபி என்ற நகைச்சுவைக் குழு போட்ட வீடியோ நாடெங்கும் பரவியது. நானும் அனுப்பினேன், தென்காசிப் பையனின் மெயின் பேலன்ஸ் கதையை ஒரு பத்தியாகச் சேர்த்து அனுப்பினேன். பத்து லட்சத்துக்கும் மேல் மெயில் போய்க் குவிந்தது. நடுவில் ஃபிளிப்கார்ட், ஆப் கம்பெனியே டேட்டா காசைக் கட்டிவிடும் ‘ஏர்டெல் ஜீரோ’ திட்டத்திலிருந்து கழன்றுகொண்டது. டிராய் என்ன செய்தது தெரியுமா? வந்த மெயில்களையெல்லாம் அனுப்பியவர்களின் ஐடியோடு அப்படியே பொதுவெளியில் போட்டுவிட்டது. அந்தரங்கம் என்பதற்கு அன்றைய தேதியில் அவ்வளவுதான் மரியாதை.

இதுவரை கூட்டம் நம் பக்கம். இனிமேல்தான் கதையே. 2015 டிசம்பரில் ஃபேஸ்புக் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ஸோடு வந்து நின்றது. சில தளங்கள் மட்டும் இலவசம், எவை என்பது அவர்கள் திட்டப்படி. பக்கம் பக்கமாகப் பத்திரிகை விளம்பரம், தெருவெங்கும் ஹோர்டிங், மிஸ்டு கால் கொடுங்கள் என்ற வேண்டுகோள். ஸக்கர்பெர்கே கட்டுரை எழுதி, மகாராஷ்டிர விவசாயி ஒருவரை உதாரணம் காட்டினார். விவசாயிக்கு நெட் வேண்டாம் என்று யார் சொன்னது? முழு நெட் கொடுங்கள் என்றுதான் சொன்னோம். ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியர்கள் கூட்டறிக்கை விட்டார்கள்: எது ‘அடிப்படை’ என்பதை ஒரு கம்பெனி தீர்மானிப்பதா, நம் தகவல்கள் அதன் கண்ணில் படாதா என்று நறுக்காகக் கேட்டார்கள்.

டேட்டா விலையைப் பற்றி டிராய் இரண்டாம் முறை கருத்துக் கேட்டபோது ஏறத்தாழ 24 லட்சம் கருத்துகள் வந்தன. அதில் 19 லட்சத்துக்குக் கிட்டே ஃப்ரீ பேசிக்ஸுக்கு ஆதரவாக ஃபேஸ்புக் எழுதிக் கொடுத்த ஒரே மாதிரிக் கடிதம்! எண்ணிக்கையைப் பார்த்தால் நாம் காலி. ஆனால் டிராய் கேட்டிருந்தது நான்கே கேள்விகள். அந்த 19 லட்சம் கடிதங்களும் அந்த நாலுக்கும் பதில் சொல்லவில்லை. ஆர்.எஸ். சர்மா தலைமையிலிருந்த டிராய், இது வாக்கெடுப்பு இல்லை, கேள்விக்குப் பதில் வேண்டும் என்று ஃபேஸ்புக்குக்குக் காட்டமாகவே எழுதியது. தலையை எண்ணாமல் காரணத்தை எடை போட்ட ஓர் அரசு அமைப்பு! இந்த இடத்தை எத்தனை தரம் படித்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

கடைசியில் 2016 பிப்ரவரியில் வந்த அந்த விதியோடு சேர்த்து வெளியிட்ட விளக்கக் குறிப்பை நான் எல்லாரையும் படிக்கச் சொல்லித் தொந்தரவு செய்வேன். நாட்டில் பாதிப் பேருக்கு மேல் இன்னும் நெட்டுக்கே வரவில்லை, இப்போதே கம்பெனிகளை வாசலில் நிற்க விட்டால், அவர்கள் காட்டுவதுதான் இணையம் என்று புதிதாக வருகிறவன் நினைத்துக்கொள்வான் என்கிற பொருளில் ஒரு வாதம் அதில் இருக்கிறது. பிம்ப்ரி ரீசார்ஜ் கடையில் நான் பார்த்ததை டெல்லி அதிகாரிகள் அவர்கள் பாஷையில் எழுதி வைத்த மாதிரி இருந்தது. சில நாளிலேயே ஃபேஸ்புக் மூட்டை கட்டியது. மெயில் அனுப்பச் சொன்ன அந்தக் கூட்டத்திலிருந்துதான் அதே ஆண்டு ‘இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன்’ பிறந்தது.

விலை மட்டும் போதுமா? வேகத்தைக் குறைத்தால்? தளத்தையே அடைத்தால்? அதற்கும் 2017 நவம்பரில் டிராய் பரிந்துரை செய்தது, 2018 ஜூலையில் மத்திய அரசு ஏற்றது. தொலைவிலிருந்து அறுவை சிகிச்சை செய்வது போன்ற சிறப்புச் சேவைகளுக்கு விலக்கு உண்டு. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. 2015இல் விதி போட்டார்கள், 2017 டிசம்பரில் எடுத்தார்கள், 2024இல் திரும்பப் போட்டார்கள், 2025 ஜனவரியில் கோர்ட் ரத்து செய்துவிட்டது. சிலிக்கான் வேலியே இந்த விஷயத்தில் நம்மைப் பார்த்துப் பெருமூச்சு விடட்டும்!

குறை இல்லையா என்றால் இருக்கிறது. நெட்டையே மொத்தமாக அணைத்துவிடும் வழக்கத்தில் நம் நாடு உலகத்தில் முன்வரிசையில் நிற்கிறது. ஒரே விலை இருந்தென்ன, நெட்டே இல்லாத ஊரில்? அது தனிக் கட்டுரை, கோபமாக எழுத வேண்டியது. இப்போது என் கவனமெல்லாம் அடுத்த ஆட்டத்தின் மேல். நிறைய டேட்டா இழுக்கும் வீடியோ ஆப்கள் எங்களுக்கும் பங்கு தர வேண்டும் என்று டெலிகாம் கம்பெனிகள் சில வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. 2023இல் டிராய் இதையும் தொட்டு ஓர் ஆலோசனை அறிக்கை போட்டது. ரீசார்ஜுக்கு நான் காசு கொடுத்தாயிற்று, அதே டேட்டாவுக்கு மறுமுனையிலும் எதற்கு வசூல் என்பது என் கட்சி. அடுத்த அறிக்கை வந்தால் முன்னுரையைத் தள்ளிவிட்டு நேரே கேள்விகளுக்குப் போங்கள், கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிலில் உங்கள் தெருக் கடைக் கதை ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.