மனசாட்சிக்குச் சான்று கேட்ட மன்றங்கள்

முதல் உலகப் போரின் நடுவே, 1916 ஜனவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரிட்டிஷ் அரசு, அதற்குள்ளேயே ஒரு கதவையும் திறந்து வைத்தது. போரிட மனசாட்சி இடம்தரவில்லை என்பவர் உள்ளூர்த் தீர்ப்பாயத்தில் விலக்குக் கேட்கலாம். முழு விலக்குத் தரவும் சட்டத்தில் இடமிருந்தது. களத்தில் ஆள் போதாமல் திணறிய அரசு செய்த காரியம் இது. அதே போரில் பிரான்சு இப்படி எந்த வழியும் விடவில்லை. இந்த ஏற்பாட்டைக் குறைசொல்ல வருபவர் முதலில் அதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

குறை நிறையவே உண்டு. சுமார் 2,000 உள்ளூர்த் தீர்ப்பாயங்களில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் நகரமன்ற உறுப்பினர்களும் வணிகர்களும்தான். கூடவே ராணுவப் பிரதிநிதி ஒருவர் இருந்தார். கொடுத்த விலக்கை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அவருக்கு உரிமை இருந்தது. வந்த மனுக்களில் மிகப் பெரும்பாலானவை தொழில், குடும்பக் கஷ்டம் பற்றியவை. கடையைப் பார்க்க வேறு ஆளில்லை என்பதை விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். விசுவாசத்தை எப்படி விசாரிப்பது? தாயையோ தங்கையையோ ஜெர்மானியன் தாக்க வந்தால் என்ன செய்வாய் என்று ஊர் ஊராகக் கேட்டார்கள். தடுப்பேன் என்றால் கொள்கை பொய். தடுக்க மாட்டேன் என்றால் ஆள் கோழை. எந்தப் பதிலும் மனுதாரரைக் காப்பாற்றாது.

ஆகவே மனுதாரர் எந்தக் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர் என்று பார்த்தார்கள். குவேக்கர்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆயுதத்தை மறுத்தவர்கள் என்பது நாடறிந்த சங்கதி. அந்தச் சபையில் பிறந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. மெதடிஸ்ட் இளைஞருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய சபையின் தலைவர்களே போரை ஆதரித்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்டடெல்ஃபியர் என்ற சபையாரின் கதை இன்னும் விசித்திரம். படையில் சேர்ந்து உலக அதிகாரத்துக்குக் கட்டுப்படுவதுதான் அவர்களுக்கு ஆகாது. குண்டுத் தொழிற்சாலையில் வேலைசெய்ய அவர்களில் பலர் தயங்கவில்லை. அவர்களுக்குச் சுலபமாக வழி பிறந்தது. சட்டம் காக்க நினைத்தது தனிமனிதனின் மனசாட்சியை; தீர்ப்பாயங்கள் காத்ததோ சபையின் கோட்பாட்டை. உறுப்பினர்களின் ஏளனத்தையும் அதட்டலையும்விட இதையே நான் பெரிய பிழையாகக் கருதுகிறேன். பண்பான மனிதர்களை உட்கார வைத்திருந்தாலும் இது நேர்ந்திருக்கும்.

பாதி விலக்கு என்பது அடுத்த கோளாறு. ஆயுதம் ஏந்த வேண்டாம், ஆனால் சீருடை அணிந்து போரிடாப் படைப்பிரிவில் சேர் என்பார்கள். படை என்பதையே மறுப்பவருக்கு இது விலக்கே அல்ல. யார்க்‌ஷயரின் ரிச்மண்ட் கோட்டையில் அடைபட்ட 16 பேர் இந்த ரகம். குவேக்கர், மெதடிஸ்ட், பைபிள் மாணவர் இயக்கத்தவர், சோஷலிஸ்ட் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அந்தச் சிறையறைகளின் சுண்ணாம்புச் சுவர்களில் மறுப்பாளர்கள் பென்சிலால் எழுதிய வேத வசனங்களும் வரைந்த முகங்களும் இன்றும் இருக்கின்றன. 1916 மே மாதம் இந்த 16 பேரையும் பிரான்சுக்கு அனுப்பினார்கள். ஜூனில் இவர்கள் உட்பட 35 மறுப்பாளர்களுக்கு மரண தண்டனை வாசிக்கப்பட்டது. வாசித்த கையோடு அது பத்தாண்டுக் கடுங்காவலாகக் குறைக்கப்பட்டது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. மனசாட்சியைச் சொல்லி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு வகை விலக்குக் கிடைத்தது. பத்திரிகைகள் சண்டை சச்சரவான விசாரணைகளையே விரும்பிப் போட்டன. அமைதியாக முடிந்தவை செய்தியாகவில்லை. ஆவணங்களைப் புரட்டிச் சரிபார்க்கலாமென்றால், அரசே 1921இல் அவற்றை அழிக்கச் சொல்லிவிட்டது. மிடில்செக்ஸ் போன்ற ஒன்றிரண்டு இடங்களின் கோப்புகளே முறையாக மிஞ்சின.

1939இல் மறுபடி கட்டாய ஆள்சேர்ப்பு வந்தபோது மாவட்ட நீதிமன்ற நீதிபதியைத் தலைவராக்கினார்கள். ராணுவப் பிரதிநிதிக்கு நாற்காலி இல்லை. விசாரணை நாகரிகமானது, சிறைக்குப் போனவர்களின் விகிதமும் குறைந்தது. ஆனாலும் சுமார் 60,000 மறுப்பாளர்களில் நிபந்தனையில்லாத விலக்குப் பெற்றவர்கள் மிகச் சிலரே.