அனுபவமும் உழைப்பும்: தாதியர் கல்வி ஆய்வுகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

'அனுபவம்' என்ற சொல் இலக்கிய விமர்சனத்திலே நீண்டகாலமாகச் சர்ச்சைக்குரியதாக இருந்து வந்துள்ளது. படைப்பாளியின் அனுபவத்தைச் சமூக உறவுகளினின்றும் பிரித்துப் போற்றும் போக்கினை முற்போக்கு விமர்சகர்கள் மறுத்து வந்துள்ளனர். இன்று அதே சொல் 'மாணவர் அனுபவம்' என்னும் வடிவில் உயர்கல்வி ஆய்வுகளிலே செல்வாக்குப் பெற்றுள்ளது. அச்சொல் எதனை வெளிப்படுத்துகின்றது, எதனை மறைக்கின்றது என்பதைப் பிரித்தானியத் தாதியர் கல்வி பற்றிய சில ஆய்வுகளைக் கொண்டு நோக்கலாம்.

1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையிலே நைற்றிங்கேல் பயிற்சிப் பாடசாலை ஆரம்பமாயிற்று. அதன்பின் பரவிய பயிற்சி முறையில் மாணவி ஒரே வேளையிற் கற்பவளாகவும் வைத்தியசாலையின் மலிவான உழைப்பாளியாகவும் இருந்தாள். இம்முரண்பாடே நாம் நோக்கும் ஆய்வுகளின் அடித்தளமாகும்.

இசபெல் மென்சிஸ் 1960இல் வெளியிட்ட ஆய்வு இலண்டன் போதனா வைத்தியசாலையொன்றைப் பற்றியது. பயிற்சித் தேவைக்கும் ஆளணித் தேவைக்கும் இடையே எழுந்த மோதலே அவ்வாய்வுக்குக் காரணமாயிற்று. நோயாளரைக் கட்டில் இலக்கத்தாலும் நோயுற்ற உறுப்பாலும் சுட்டும் வழக்கத்தையும், பராமரிப்பைச் சிறு வேலைகளாகத் துண்டாடிப் பகிர்வதையும் அவர் கூர்மையாக அவதானித்தார். நோயும் மரணமும் எழுப்பும் பதகளிப்புக்கு எதிரான தற்காப்பு ஏற்பாடுகள் என இவற்றை விளக்கினார். இவ்விளக்கத்தில் உண்மை உண்டு. ஆயின் வேலையைத் துண்டாடுதல் ஆலைத் தொழிலின் இயல்புமாகும் என்பதை நாம் மறத்தலாகாது. உழைப்பிலே தொடங்கிய ஆய்வு உளவியலிலே அடங்கிவிடுகின்றது.

கத் மீலியா 1987இல் வெளியிட்ட 'கற்றலும் உழைத்தலும்' என்ற நூல் ஸ்கொட்லாந்தின் 40 தாதிய மாணவர்களின் நேர்காணல்களை ஆதாரமாகக் கொண்டது. கல்விக்கூடம் ஒன்றைப் போதிக்க, விடுதி வேறொன்றை வேண்டி நின்றது. மாணவர் இரண்டுக்கும் இசைந்துபோகப் பழகினர். ஓய்வு கிடைத்தபோதும் வேலையில் ஈடுபட்டிருப்பதாகக் காட்டிக்கொள்ளக் கற்றனர். நோயாளருடன் உரையாடுதல் அங்கு வேலையாகக் கருதப்படவில்லை. முரண்பாட்டை மாணவரின் குரலிலேயே பதிவுசெய்தமை இந்நூலின் சிறப்பாகும். எனினும் அம்முரண்பாட்டினால் நன்மையடைவோர் யார் என்ற வினாவை அது தன் மைய வினாவாகக் கொள்ளவில்லை.

இவ்வாறு கூறுவதனால் அனைத்தையும் கூலிக் கணக்காகக் குறுக்குதல் நமது நோக்கமன்று. அது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். பாம் சிமித் 1992இல் வெளியிட்ட நூல், மாணவத் தாதியர் தம் உணர்ச்சிகளை ஆளக் கற்பதும் உழைப்பே என்பதை எடுத்துக்காட்டியது. அவ்வுழைப்பு பெண்ணின் 'இயல்பு' எனக் கொள்ளப்படுவதனாலேயே கணக்கில் வராது போகின்றது.

பின்னைய வரலாறு இப்பார்வையின் தேவையை உறுதிப்படுத்துகின்றது. 1986இல் முன்மொழியப்பட்ட 'புரொஜெக்ற் 2000' சீர்திருத்தம் மாணவரை ஆளணிக் கணக்கிற் சேராதவராக்க முயன்றது. 2013இல் இங்கிலாந்தில் தாதியர் கல்விக்கான புதிய அனுமதிகள் யாவும் பட்டப்படிப்புக்கு உரியனவாயின. ஆனால் 2017இல் புதிய மாணவருக்கான உதவிப்பணம் நிறுத்தப்பட்டது. 2,300 மணித்தியாலச் செய்முறைப் பயிற்சியை நிறைவு செய்யவேண்டிய மாணவர், அதே காலத்திற் கல்விக் கட்டணத்திற்குக் கடன்படவும் நேர்ந்தது. 2020இல் ஆண்டுக்கு 5,000 பவுண் மானியம் அறிமுகமானபோதும் கட்டணக் கடன் நீங்கவில்லை. ஒருகாலத்திற் சிறு ஊதியமேனும் பெற்று உழைத்த மாணவர், இப்போது பணம் செலுத்திக்கொண்டே நோயாளரைப் பராமரிக்கின்றனர்.

இந்நிலையில் அண்மைக்கால ஆய்வுகள் பல மாணவரின் 'மீண்டெழும் திறன்' பற்றிப் பேசுகின்றன. களைப்புக்குக் காரணமான ஏற்பாடு ஆராயப்படாது போக, களைத்தவரே ஆய்வுப் பொருளாகின்றார். நேர்காணலும் ஒருவகை எடுத்துரைப்பே. நாவலை வாசிக்கையில் பாத்திரத்தின் துயரத்தோடு அதன் சமூக வேர்களையும் தேடும் விமர்சகன், இச்சாட்சியங்களை வாசிக்கையிலும் அவ்வாறே செய்தல் வேண்டும். மாணவி எதனை உணர்ந்தாள் என்பது முதல் வினா மட்டுமே; அவளது உழைப்பு எவரது குறையை நிரப்பிற்று என்பது அதனைத் தொடர்ந்து எழவேண்டிய வினா.